ஹாலுக்குள் கேமரா இல்லை

தஞ்சாவூர்
4.2.2025

ஆல்பினுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை, பிறகு கேட்டு மட்டும் என்ன பிரயோஜனம்? ஆபீஸ் மெயிலுக்கு எழுதினால் மாமா படிக்காமல் தள்ளமாட்டார் என்று சான்ட்ரா சொன்னாள். பெற்ற மகளிடம் யோசனை கேட்டு, கூடப்பிறந்த தம்பிக்கு மனுப் போடுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

விஷயம் என் ஜிம்மைப் பற்றியது. நீ இன்னும் நேரில் பார்க்கவில்லை. திருச்சி ரோட்டில் மூடிக்கிடந்த ரைஸ்மில்லை வாடகைக்கு எடுத்து நடத்துகிறேன். நெல் காய்ந்த களத்தில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. கீழே ஆண்களுக்கு, மாடியில் பெண்களுக்கு. போன மாதம் மாடிக்கு வருகிற ரிஃப்கா என்ற பெண் லாக்கரில் கழற்றி வைத்த வளையல் காணாமல் போய்விட்டது. போலீஸ் வந்து கேமராப் பதிவைக் கேட்டார்கள். போட்டுக் காட்டினேன். ஒரு கேமராவில் டியூப்லைட்டும் பல்லியும். இன்னொன்றில் வெறும் வெளிச்சம். "ஏங்க, பல்லிய வச்சு நாங்க யாரைங்க புடிக்கிறது?" என்று அந்த எஸ்.ஐ. சிரித்தார். ரிஃப்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு மானம் போயிற்று.

நீ தோஹாவில் உட்கார்ந்து ஊரான் கடைக்கெல்லாம் எங்கே கேமரா வைப்பது என்று படம் போட்டுக் கொடுக்கிறாய். அக்காவுக்கும் ஒன்று போட்டுக் கொடு. கட்டிடத்தின் வரைபடத்தை இணைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. பெண்கள் ஹாலுக்குள் கேமரா கூடாது. சேர வருகிற ஒவ்வொருத்தியும் முதலில் கேட்பது அதைத்தான். உடம்பு பெருத்தவள், பிள்ளை பெற்றவள், வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவள் என்று எல்லாரிடமும் பூண்டி மாதா மேல் சத்தியம் செய்துதான் சேர்த்திருக்கிறேன். அந்தச் சத்தியத்தில்தான் என் மாடி ஓடுகிறது.

ஷீபா


தோஹா
9.2.2025

அக்காவுக்கு,

மெயில் கிடைத்தது. வரைபடம் பார்த்தேன்.

கேமரா போடுகிறவர்கள் எல்லாரும் எத்தனை வேண்டும் என்றுதான் கேட்பார்கள். எதைப் பார்க்கவேண்டும் என்று கேட்டால் பாதி கேமரா மிச்சம். உனக்கு வாசலில் முகம் தெரியவேண்டும். களத்தில் வண்டி எண் தெரியவேண்டும். கீழே எடை தூக்குகிற இடத்தில் முகம் தேவையில்லை, யாராவது கம்பிக்கு அடியில் மாட்டிக்கொண்டால் உடனே தெரிந்தால் போதும். மாடியில் படிக்கட்டும் லாக்கரும்.

லாக்கர் இருப்பது ஹாலுக்கு வெளியே, படி ஏறி வருகிற முகப்பில். ஹால் கதவுக்கு மேலே ஒரு கேமரா, ஹாலுக்கு முதுகைக் காட்டியபடி. லாக்கரையும் படியையும் பார்க்கும். ஹாலைப் பார்க்காது. உடை மாற்றும் அறைப் பக்கமே எதுவும் வேண்டாம்.

கண்ணாடிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்து அனுப்பு. ஜிம்மில் பெரிய தொல்லை கண்ணாடிதான். கேமராவுக்கு முதுகுப் பக்கம் இருப்பதையும் எதிரே இருக்கிற கண்ணாடி காட்டிவிடும். பிறகு புதிதாக எங்கே மாட்டினாலும் எனக்குச் சொல்.

வேறொன்றும் இல்லை.

ஆல்பின்

அம்மா கல்லறையில் சிலுவை வைத்தாயிற்றா?


தஞ்சாவூர்
22.3.2025

ஆல்பினுக்கு,

சிலுவை வைத்தாயிற்று. கறுப்புக் கல். பெயருக்குக் கீழே உன் பெயரையும் என் பெயரையும் போடச் சொன்னேன்.

கேமரா எல்லாம் நீ சொன்ன இடத்தில் மாட்டியாயிற்று. எலக்ட்ரீசியன் தமிழரசன் உன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் முறைத்தான். "ஒங்க தம்பி ஒரு அடி தள்ளி வச்சா ஒத்துக்க மாட்டாராக்கா?" என்றான். ஒத்துக்கொள்ளமாட்டான், அவன் சின்ன வயதிலேயே அப்படித்தான் என்றேன். நீ அங்கிருந்தே ஒவ்வொன்றாகப் பார்த்து, இதைத் தாழ்த்து, அதைத் திருப்பு என்று அவனை வாட்டி எடுத்தாயாம். என்னிடம் பேச வாய் வராது, எலக்ட்ரீசியனிடம் வரும்.

சரிபார்த்து முடித்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிடு என்று அவனிடம் சொல்லி அனுப்பியிருந்தாய். எதற்கு? உனக்குத் தெரியக்கூடாத ரகசியம் என்னிடம் என்ன இருக்கிறது? ஏதாவது கெட்டுப்போனால் மறுபடி உன்னிடம்தானே வரவேண்டும். அப்படியே இருக்கட்டும்.

புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். மங்களாம்பிகை அம்மா. நன்னிலம் பக்கத்துக்காரர், இப்போது இங்கே குடியிருக்கிறார். ஆவணியில் அவர் கணவர் அமிர்தலிங்கத்துக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். இந்த அம்மாவுக்கோ முட்டி வலி, கீழே உட்கார்ந்தால் இரண்டு பேர் தூக்கிவிடவேண்டும். விசேஷ வீடுகளில் இவருக்கென்று நாற்காலி போட்டுப் போட்டு மனசு விட்டுப்போயிருக்கிறது. "அன்னிக்கு மனையில அவரு பக்கத்துல ஒக்காந்து, நானே எழுந்திரிக்கணும். அவரு அசந்து போவணும்" என்றார். வீட்டில் தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு வருகிறார். மஞ்சள் டீ-ஷர்ட்டை என் லாக்கரில்தான் ஒளித்துவைக்கிறார். அவரும் கேமரா இருக்கிறதா என்று கேட்டார். ஹாலுக்குள் கிடையாது என்று சத்தியம் செய்தேன்.

அடக்கத்தன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். உனக்கு லீவு கிடைக்கவில்லை, சரி. குழியில் இறக்குகிற நேரத்தில் சான்ட்ரா வீடியோ கால் போட்டு, போனை உனக்காக நீட்டிப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவள் கையில் மண் இல்லை, போன்தான் இருந்தது. அம்மாச்சிக்கு ஒரு பிடி மண் போடாமல் அந்தப் பெண் நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கி அணைத்துவிட்டேன். உன்னை நினைக்கவில்லை. அவ்வளவுதான்.

ஷீபா


தோஹா
30.3.2025

அக்காவுக்கு,

அன்று ரூமில் இருந்தவர்கள் எனக்காக டிவியை அணைத்துவிட்டு வெளியே போனார்கள். போனைச் சுவரில் சாய்த்து வைத்து முழங்காலில் நின்றேன். சாமியார் மந்திரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. படம் நின்றுவிட்டது. நெட் போய்விட்டது என்று போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். அங்கே வெயிலில் நின்று திரும்பத் திரும்ப அழைத்தேன். நீதான் அணைத்தாய் என்று சான்ட்ரா பிறகுதான் சொன்னாள்.

நீ செய்தது தப்பு என்று எழுத உட்கார்ந்தேன். சான்ட்ரா கையில் மண் இல்லை என்று இப்போது தெரிந்த பிறகு அதையும் எழுத முடியவில்லை. இருந்தாலும் மனசு ஆறவில்லை. போனில் பேச எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும்.

படம் எல்லாம் நன்றாக வருகிறது. வாசல் கேமரா காலையில் வெயிலுக்குக் கொஞ்சம் வெளுக்கிறது, பாதகமில்லை. நீ நின்றுகொண்டே இருக்கிறாய். கவுண்ட்டரில் நாற்காலி இருக்கிறது. உட்கார்.

ஆல்பின்


தஞ்சாவூர்
18.6.2025

ஆல்பினுக்கு,

நாற்காலி இருப்பது எனக்கும் தெரியும். முதலாளி உட்கார்ந்தால் வேலை செய்கிறவர்கள் படுத்துவிடுவார்கள்.

மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் புழுக்கம் குறையவில்லை. மாடி ஏசி ஒன்று மக்கர் செய்கிறது, படிக்கட்டுக் காற்றாவது வரட்டும் என்று பகலெல்லாம் ஹால் கதவைத் திறந்தே போட்டிருக்கிறேன். ஆண்கள் யாரும் படி ஏறமாட்டார்கள், கீழே ஆள் போட்டிருக்கிறது. போன மாதம் லாக்கர் பக்கத்துச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் மாட்டினேன். பொட்டு வைக்க, பர்தா சரிசெய்ய, தலை வாரிக்கொள்ள, உள்ளே வந்த மாதிரியே வெளியே போக அவர்களுக்கு ஒரு கண்ணாடி வேண்டியிருந்தது. ரிஃப்கா எனக்கு முத்தமே கொடுத்துவிட்டாள்.

மங்களாம்பிகை அம்மாதான் சோர்ந்துவிட்டார். ஆவணி நெருங்குகிறது, தரையிலிருந்து எழ இன்னும் நாற்காலியைப் பிடிக்கிறார். நேற்று, "விட்டுடலாம்மா, எனக்கு நாக்காலிதான் எழுதியிருக்கு" என்று கண் கலங்கினார்.

உன் சாப்பாடு எப்படி? ரூமில் யார் யார் இருக்கிறார்கள்?

ஷீபா


தோஹா
24.6.2025

அக்காவுக்கு,

ரூமில் இப்போது நான் மட்டும். மற்றவர்கள் வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள். சாப்பாடு நானே செய்கிறேன். வெள்ளிக்கிழமை லீவு, அன்றுதான் கறி.

மங்களாம்பிகை அம்மாவை விட்டுவிடாதே. அவருக்குத் தெம்பு வந்துவிட்டது, பயம்தான் போகவில்லை. போன வெள்ளிக்கிழமை எல்லாரும் போன பிறகு தனியாகத் தரையில் உட்கார்ந்து, நாற்காலியைத் தொடாமல் எழுந்துவிட்டார். முதலில் ஒரு பக்கம் சாய்ந்தார், பிறகு கையை ஊன்றி எழுந்தார். எழுந்ததும் தானே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீ கீழே கவுண்ட்டரில் இருந்தாய். வெட்கப்பட்டு உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார். நீயாகவே சொல்லு, உங்களால் முடியும் என்று.

அடுத்த வருஷம் வர முயற்சி செய்கிறேன்.

ஆல்பின்


தஞ்சாவூர்
25.6.2025

ஆல்பின்,

அவர் எழுந்தது எனக்குத் தெரியாது. இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?

உன் மெயிலைப் படித்துவிட்டு மாடிக்குப் போனேன். ஹால் வாசலில், உன் கேமராவுக்கு அடியில் நின்று அது பார்க்கிற பக்கம் பார்த்தேன். எதிரே கண்ணாடி. கண்ணாடிக்குள் என் பின்னால் திறந்த கதவு, கதவுக்குள் முழு ஹால். பயிற்சிக்கு வந்திருந்த ஜெயபாரதி தரையில் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தாள். சேலையை அவிழ்த்து அந்தக் கண்ணாடி மேல் போடலாமா என்றிருந்தது.

போன மெயிலில் கண்ணாடி மாட்டினேன் என்று எழுதினேன். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. புதிதாக மாட்டினால் சொல் என்று எச்சரித்தவனே நீதான்.

எத்தனை நாளாகப் பார்க்கிறாய்?

ஷீபா


தோஹா
27.6.2025

அக்கா,

கண்ணாடி வந்த அன்றைக்கே தெரியும்.

முதலில் உன்னைப் பார்க்கத்தான் திறந்தேன். கீழே வாசல் கேமராவில் நீ யாரையாவது திட்டிக்கொண்டு நிற்பாய். சத்தம் கேட்காது, ஆனால் என்ன சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். தட்டை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். நம் ஊர் வெயில் களத்தில் விழுவதைப் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை இங்கே யாரிடமும் பேசாமலே பொழுது போய்விடும். அதைத் திறந்துவைத்தால் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்.

மே மாதம் ஒருநாள் மாடி கேமராவில் புதுக் கண்ணாடி தெரிந்தது, அதற்குள் ஹால் தெரிந்தது. உடனே உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதினால் அடைத்துவிடுவாய். நாளைக்கு எழுதலாம் என்று வைத்தேன். அப்புறம் எழுதவில்லை. எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை, அக்கா. அம்மா மேல் ஆணை. அவர்கள் சிரிப்பார்கள், ஒருவர் காலை ஒருவர் பிடித்துவிடுவார்கள், மங்களாம்பிகை அம்மா பத்து விரலைக் காட்டிவிட்டு எட்டோடு நிறுத்துவார். அதைத்தான் பார்த்தேன். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். நானே வேறு யாராவது சொன்னால் நம்பமாட்டேன்.

என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறேன். கண்ணாடியைக் கழற்று. பாஸ்வேர்டை மாற்று. பழைய பதிவு எல்லாவற்றையும் அழி, எப்படி என்று தமிழரசனுக்குத் தெரியும். ஆனால் அவர்களிடம் சொல்லாதே. தெரியாமல் நடந்தது தெரியாமலே போகட்டும். சொன்னால் ஒருத்தி மிஞ்சமாட்டாள். நீ இத்தனை பாடுபட்டு உண்டாக்கியது என்னால் போகவேண்டாம். காலில் விழுந்து கேட்கிறேன்.

ஆல்பின்


தஞ்சாவூர்
6.7.2025

ஆல்பின்,

சொல்லிவிட்டேன்.

நீ எழுதியபடி செய்யலாமா என்று நானும் யோசித்தேன், பொய் சொல்லமாட்டேன். கண்ணாடியைக் கழற்றினேன், பாஸ்வேர்டை மாற்றினேன். மறுநாள் புதிதாக ஒரு பெண் சேர வந்தாள். "உள்ள கேமரா ஏதும் இல்லையேக்கா?" என்று கேட்டாள். நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். பழையவர்களிடம் சொல்லாமல் இவளிடம் எப்படிச் சத்தியம் செய்வது?

எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்துச் சொன்னேன். கண்ணாடி மாட்டியதும், கதவைத் திறந்துபோட்டதும், பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதும் நான் என்றேன். பார்த்தது தோஹாவில் தனியாக இருக்கிற என் தம்பி என்றேன். கெட்டவன் இல்லை என்று சொல்ல வந்தேன், அந்த முகங்களைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ஜெயபாரதி போலீசுக்குப் போகவேண்டும் என்றாள். போ, உன் கூட நானே வந்து அவன் பெயர், விலாசம் எல்லாம் சொல்கிறேன் என்றேன். பதிவை அழித்துவிடாதீர்கள் என்றாள். அழிக்கவில்லை. போகலாமா வேண்டாமா என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போனால் உன் வேலை என்னாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ரிஃப்கா எழுந்து போனாள். லாக்கரைத் திறந்து தன் சாமானை எடுத்துக்கொண்டாள். படி இறங்கும்போது திரும்பி, "நம்புனேனேக்கா" என்றாள்.

மங்களாம்பிகை அம்மா கேட்டது ஒன்றுதான். "நான் எழுந்திரிச்சதையுமாம்மா பாத்தாரு?" ஆமாம் என்றேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

ஷீபா


தஞ்சாவூர்
14.9.2025

ஆல்பினுக்கு,

நீ அனுப்பிய நான்கு மெயிலும் வந்தன. புதுப் படமும் பார்த்தேன். மாடியில் எதுவுமே வைக்கவேண்டாம் என்று போட்டிருக்கிறாய். மாடி பூட்டிக் கிடக்கிறது. ஜெயபாரதி போலீசுக்குப் போகவில்லை. போனால் மற்றவர்களும் பெயர் சொல்லவேண்டியிருக்கும், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். உனக்கு ஆபத்து இல்லை. சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. கீழே வருகிற வருமானத்தில் வாடகைக்கு இழுத்துப்பறித்துப் போகிறது. சான்ட்ரா உன்னைப் பற்றிக் கேட்டால் வேலை அதிகம் என்கிறேன்.

நேற்று மங்களாம்பிகை அம்மாவின் கணவர் அமிர்தலிங்கம் வந்தார். அவரை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, மெதுவாகப் பேசுகிற மனிதர். "எங்க வீட்டம்மா ஷூ ஒண்ணு இங்க இருக்காம்ல, வாங்கிட்டு வரச் சொன்னா" என்றார். அப்படியானால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

திருக்கடையூர் விசேஷம் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டேன்.

"முடிஞ்சுதுங்க. நாக்காலி போட்டுத்தான் ஒக்கார வச்சோம். வேணும்னா கீழ ஒக்காரு, நான் தூக்கிவிடுறேன்னேன். மாட்டேன்னுட்டா. எல்லாரும் பாப்பாங்கன்னு அழுவுறா. என்னிக்கும் அப்படிச் சொன்னவ இல்லீங்க அவ." தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு ராத்திரிதான் எல்லாத்தையும் சொன்னா. எனக்குக் காட்டணும்னுதான் இங்க வந்தாளாம். ஒங்க தம்பி மேல எனக்குக் கோவம் இல்லீங்க. வெளிநாட்டுல தனியா கெடக்குற புள்ளைன்னு சொன்னா. ஆனா பாருங்க, அவ தானா எழுந்திரிச்சத நான் இன்னும் பாக்கல. அவரு பாத்துட்டாரு."

நான் மாடிக்குப் போய் ஷூவை எடுத்து, துடைத்து, பையில் போட்டுக் கொடுத்தேன். மஞ்சள் டீ-ஷர்ட்டும் இருந்தது. அது வேண்டாம் என்று அந்த அம்மா சொல்லிவிட்டாராம்.

ஷீபா